மாங்கனி நாளில் எங்கள் மாடி

1

ஊரில் பிறந்த ஒரு பேச்சு கடல் தாண்டி எங்களிடம் வந்து சேர நெடுநாள் ஆவதில்லை. சென்ற மாதம் பாரிஸ் புறநகர் ஒன்றில் நடந்த திருமண வரவேற்பில், கோட்டுச்சேரியிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவர் என் அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். நலம் விசாரித்தார். பாயசக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

"கண்ணாடி ஒடஞ்சிரும்னு, சாமி பாக்க வந்த சனத்த மாடியிலேருந்து எறக்கி விட்டுட்டீங்களாமே? ஊரே பேசுது."

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் தண்ணீர் குடித்தேன். கல்யாண மண்டபம் வழக்காடும் இடம் அன்று என்பதால் பதில் கூறவில்லை. ஆனால் பதில் இல்லாமல் விடப்பட்ட பேச்சு, அடுத்த வாய்க்குப் போகும்போது ஒரு முழம் வளர்ந்துவிடும். ஆகவே இதை எழுத்தில் வைக்கிறேன். இறக்கி விட்டது உண்மை. கண்ணாடிக்காக என்பது உண்மையன்று.

என்னை அறியாதவர்களுக்கு: நான் காரைக்காலில் பிறந்து, அங்கேயே கல்லூரிப் படிப்பை முடித்துப் பிரான்சுக்கு வந்தவன். நம் ஊர்ப் பெரியவர்கள் நகராட்சி அலுவலகத்தை இன்னும் 'மேரி' என்பார்களே, அத்தகைய ஓர் அலுவலகத்தில் பணிபுரிந்து ஓய்வு பெற்றேன். என் மேசைக்கு முன் வரிசையில் நின்ற எவரையும் காரணம் சொல்லாமல் நான் திருப்பி அனுப்பியதில்லை. அங்கே என் பெயருக்கு ஒரு மதிப்பு இருந்தது. ஊரிலும் இருந்ததாகவே நினைத்திருந்தேன்.

2

மாங்கனி நாளைப் பற்றி நம்மவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிற ஊர்களில் இதைப் படிப்பவர்களுக்காகச் சில வார்த்தைகள். ஆனிப் பௌர்ணமியை ஒட்டி, பிச்சைக்கு வரும் கோலத்தில் இறைவன் வீதியுலா வருகிறார். வழியெங்கும் மக்கள் மாம்பழம் படைக்கிறார்கள். இருபுறத்து மாடிகளிலிருந்தும் மாம்பழங்கள் வீசப்படுகின்றன. கீழே நிற்பவர்கள் முந்தானையையும் துண்டையும் விரித்து ஏந்துகிறார்கள். ஏந்திய பழம் வீட்டுக்கு நன்மை சேர்க்கும் என்பது நம்பிக்கை.

சுவாமி வரும் வீதியில் மாடி வைத்திருப்பவருக்கு அன்று ஒரு கடமை உண்டு. மாடி அன்று அவருடையதன்று. மாங்கனி நாள் விடியற்காலையில் என் தந்தையார் மாடிப்படிக் கதவைக் கீலிலிருந்து கழற்றிச் சுவரில் சாய்த்து வைப்பார். திறந்து வைத்தால் போதாதா என்று ஒருமுறை கேட்டேன். திறந்த கதவைக் காற்றுகூடச் சாத்திவிடும் என்றார். அவருக்குப் பிறகு, ஆண்டுதோறும் ஆனியில் விடுப்பு எடுத்து வந்து அந்தக் கதவைக் கழற்றி வைத்தவன் நான். வீட்டில் இப்போது இருப்பவள் என் தங்கை வசந்தா.

இங்கே நான் வசிக்கும் அடுக்ககத்தில் வாசலைத் திறக்க ஓர் எண், மின்தூக்கிக்கு ஓர் எண், நிலவறைக்கு ஒரு சாவி. என் எதிர்வீட்டு அம்மையார் நல்லவர். இத்தனை ஆண்டுகளில் அவருடைய கூடத்தை நான் பார்த்ததில்லை, என்னுடையதை அவரும் பார்த்ததில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. இந்த ஒழுங்குக்கு நானும் பழகிவிட்டேன். ஆனால் ஆண்டில் ஒரு நாள், முகம் தெரியாதவர்கள் என் வீட்டுப் படியேறிப் போகும் ஓசை எனக்குத் தேவையாக இருந்தது.

3

என் மகள் நித்யா பிரான்சில் பிறந்தவள். ஆறுகள் கடலில் சேரும் இடங்களைப் பற்றி ஆராய்பவள். ஊரில் விசாரித்தவர்களிடம், மகள் பல்கலைக்கழகத்தில் இருக்கிறாள் என்று சொல்லிவந்தேன். அது பொய்யன்று. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஒப்பந்தத்தில் அங்கேதான் இருந்தாள். கேட்டவர்கள் அவளைப் பேராசிரியர் என்று எடுத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை.

சென்ற ஆண்டு, நெடுங்காலத்துக்குப் பிறகு, என்னுடன் ஊருக்கு வர இசைந்தாள். ஒரே நிபந்தனை: அங்கிருந்தபடியே அவள் வேலை செய்ய முடிய வேண்டும். கோடையில் நம் ஊர் மின்சாரம் எப்படி வந்து போகும் என்பதை அறிந்தவன் என்பதால், அவள் வருவதற்கு முன்பே மாடியில் இரண்டு சோலார் தகடுகளைப் போடச் செய்தேன். அவற்றுக்கு இரண்டு பேட்டரிகள், படிக்கட்டின் மேல் திருப்பத்தில் ஓர் இன்வெர்ட்டர். தெரு மின்சாரத்தோடு ஒட்டு உறவில்லாத தனி இணைப்பு. மகளுடைய கணினிக்கும் இணையக் கருவிக்கும் மட்டுமே அது. அவள் அறையின் மின்விசிறியைக்கூட அதில் சேர்க்கவில்லை.

மடிக்கணினி இல்லையா என்று இளையவர்கள் கேட்கக்கூடும். அவளுடையது விமானப் பயணத்தில் திரை நொறுங்கிப் போயிற்று. ஊரிலேயே ஒரு மேசைக் கணினி வாங்கிக் கொடுத்தேன். மின்சாரம் நின்றால் மறுநொடியே அணைந்துவிடும் வகை.

இதே ஆசையை இங்கே என் பால்கனியில் நிறைவேற்ற முயன்ற கதை வேறு. ஒரு சிறு தகடு மாட்ட அனுமதி கேட்டு அடுக்கக நிர்வாகத்துக்கு எழுதினேன். கட்டடத்தின் முகத்தோற்றம் கெடும் என்று பதில் வந்தது. உரிமையாளர்கள் கூட்டத்தில் வைக்கும்படி மறுபடி எழுதினேன். கூட்டத்தில் என் வேண்டுகோள் கடைசியாக வந்தது. பாதிப்பேர் எழுந்து போயிருந்தார்கள். நான் சற்று வேகமாகப் பேசியபோது பிரெஞ்சு வாக்கியத்தின் நடுவே 'இல்லைங்க' என்ற சொல் நுழைந்துவிட்டது. எவரும் சிரிக்கவில்லை. அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைத்தார்கள்.

காரைக்காலில் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. கோட்டுச்சேரியில் நெல் விவசாயம் செய்யும் என் ஒன்றுவிட்ட தம்பி கலியபெருமாள் மட்டும் ஏறி வந்து தகட்டைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினான். "நல்லா சுடுதுண்ணே. வசந்தாவ வடகம் புழியச் சொல்லவா?" என்றான்.

தகடுகளை மாடியின் மேற்கு ஓரத்தில், வீதியை ஒட்டிய கைப்பிடிச் சுவரருகே வைக்க வேண்டியிருந்தது. பின்பக்கத்தில் அடுத்த வீட்டின் உயர்ந்த சுவர் காலை வெயில் முழுவதையும் மறைத்துவிடும். இடுப்பளவு உயர இரும்புச் சட்டத்தில் அவை மேசை போல நின்றன. மாங்கனி நாளில் கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் இடமும் அந்த மேற்கு ஓரம்தான்.

4

ஊருக்கு வந்து சில வாரங்களில் அந்தச் செய்தி வந்தது. அட்லாண்டிக் கரை நகரம் ஒன்றின் பல்கலைக்கழகத்தில் நிரந்தரப் பணிக்கான இறுதி நேர்காணலுக்கு நித்யாவை அழைத்திருந்தார்கள். காணொளியில் கலந்துகொள்ளலாம், இணைப்புக்கு விண்ணப்பதாரரே பொறுப்பு, அறுந்தால் மறுவாய்ப்பு இல்லை. ஒப்பந்தங்களுக்கு உரிய வயது வரம்பை அவள் எட்டிக்கொண்டிருந்தாள். இது தவறினால் ஆராய்ச்சியையே விட வேண்டியிருக்கும் என்று அவள் என்னிடம் மறைக்கவில்லை.

நாள், மாங்கனி நாள். நேரம், பிரான்சில் முற்பகல். நமக்குச் சுவாமி எங்கள் வீதிக்கு வரும் பிற்பகல். வீதியில் சுவாமி இருக்கும் வரை, பாதுகாப்புக்காகத் தெரு மின்சாரத்தை நிறுத்திவைப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அவளுக்கு இருந்த ஒரே துணை அந்தப் பேட்டரிகள்.

"அன்னைக்கு மட்டும் மாடியைப் பூட்டிடு அப்பா" என்றாள். அவளுக்குத் தமிழில் எல்லோரும் 'நீ'தான். இதைக் கேட்டு வசந்தா முதலில் திகைத்தாள், பிறகு, "ஒங்க பொண்ணு என்னை வாடின்னு கூப்பிடாத கொறதாண்ணே" என்று சிரித்துப் பழகிக்கொண்டாள்.

பூட்ட முடியாது என்றேன். ஏன் என்று கேட்டாள். நம் வீட்டு மாடி அன்று பூட்டப்பட்டதாக ஒருவர் வாயிலும் வரக்கூடாது என்றேன்.

"அப்ப தெருதான் உனக்கு. நான் இல்ல."

"மின்சாரம் நிற்காது. அது என் வார்த்தை."

அவள் அதற்குமேல் பேசவில்லை. என் வார்த்தையை நம்பியதனால் அன்று. தமிழில் சண்டை போடும் அளவுக்குச் சொற்கள் அவளிடம் இல்லை. பிரெஞ்சில் போட்டால் நான் எழுந்து போய்விடுவேன் என்று அவளுக்குத் தெரியும்.

இந்த நேர்காணல் பற்றி நான் வீட்டில்கூடச் சொல்லவில்லை. பேராசிரியர் என்று ஊர் நினைத்திருக்கும் பெண், வேலைக்காக ஒரு குழுவின் முன் உட்காரப் போகிறாள் என்று எப்படிச் சொல்வது? அலுவலக ஆலோசனை இருக்கிறது, அறைப்பக்கம் சத்தம் வேண்டாம் என்று வசந்தாவிடம் சொன்னேன். அவள் சரி என்றாள்.

5

மாடியும் திறந்திருக்க வேண்டும், தகடுகளும் உடையாமல் இருக்க வேண்டும். அதற்கு ஒரு வழி கண்டேன். முதல் நாள் காலையிலேயே தகடுகளின் மேல் பழைய ஜமுக்காளங்களை விரித்து, அவற்றின் மேல் கோரைப்பாய்களைப் போட்டுக் கயிற்றால் கட்டச் செய்தேன். பேட்டரிகள் அப்போது நிறைந்திருந்தன. ஒரு நாள் வெயில் படாவிட்டாலும் கணினி ஓடத் தாராளமாகப் போதும் என்று கணக்கிட்டேன். கணக்கு சரி. கணினி மட்டுமே ஓடியிருந்தால் போதுமானதாக இருந்திருக்கும்.

மறுநாள் பிற்பகல், வாசலில் நீர்மோர்ப் பந்தல். மாடி முழுவதும் மக்கள். கோட்டுச்சேரியிலிருந்து கலியபெருமாள் இரண்டு கூடை மாம்பழத்துடன் வந்திருந்தான். பக்கத்துக் கிராமமான பூவத்திலிருந்து ஒரு குடும்பம். எனக்குப் பெயர் தெரியாத பலர். பாய் போர்த்திய தகடுகள் கூடைகளை வைக்க வசதியாக இருந்தன. தெரு மின்சாரம் நின்றிருந்தது. நித்யா தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே பிரெஞ்சில் வணக்கங்கள் பரிமாறப்படுவது கேட்டது. வெளியே நாற்காலி போட்டு நான் காவல் இருந்தேன்.

அவள் குரல் முதலில் நடுங்கியது, பிறகு நிலைத்தது. ஒரு முதியவரின் கேள்விக்கு அவள் சொன்ன பதிலில் சிரிப்பொலி எழுந்தது. நல்ல சிரிப்பு.

அப்போதுதான் படிக்கட்டிலிருந்து அந்த ஒலி வந்தது. இன்வெர்ட்டரின் எச்சரிக்கை. விட்டு விட்டு, ஒரே சீராக.

ஏறிப் போய்ப் பார்த்தேன். பச்சை விளக்குகள் அணைந்து சிவப்பு ஒன்று மட்டும் எரிந்துகொண்டிருந்தது. இணைப்புப் பலகையில், கணினியின் கம்பிக்குப் பக்கத்தில் இன்னொரு கம்பி. அதைப் பிடித்துக்கொண்டே கீழே வந்தேன். அது சமையலறைக் குளிர்சாதனப் பெட்டியில் போய் முடிந்தது.

"காலையிலேருந்து கரண்ட் வந்து வந்து போச்சுண்ணே. பந்தலுக்கு வெச்ச தயிரெல்லாம் புளிச்சிருமேன்னு சோலார்ல மாட்டினேன்" என்றாள் வசந்தா. "அதுல மீட்டிங்தான நடக்குது?"

கம்பியைப் பிடுங்கினேன். ஒலி நிற்கவில்லை. அது அடுத்த நிமிடமே நிரந்தரமாக அடங்கிப்போகலாம். அத்துடன் அந்த அறையும். இனி வெயில் ஒன்றுதான் வழி. வெயில் மேற்கிலிருந்து நன்றாகவே அடித்துக்கொண்டிருந்தது. அதற்கும் தகடுகளுக்கும் நடுவே பாய்கள் இருந்தன, கூடைகள் இருந்தன, கைப்பிடிச் சுவரை ஒட்டித் தோளோடு தோளாக மக்கள் நின்றார்கள்.

வீதிமுனையில் மேளம் கேட்டது. மாடியில் எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பியிருந்தார்கள். நான் கூடைகளை எடுத்துத் தரையில் வைத்தேன். கலியபெருமாள் திரும்பிப் பார்த்தான்.

"என்னண்ணே?"

"பாயை எடுக்கணும். எல்லாரும் எறங்குங்க."

அவன் நான் விளையாடுவதாக நினைத்தான். "சாமி நாலு வீடு தள்ளி வந்துட்டாரு. இப்ப எங்கண்ணே எறங்குறது?"

"எறங்குங்கன்னு சொல்றேன்."

"பின்பக்கமாவது போய் நிக்கவா?"

பின்பக்கத்திலிருந்து சுவாமி தெரியாது, அவர் வந்ததும் எல்லோரும் மறுபடி ஓரத்துக்கே வந்துவிடுவார்கள். அது அவனுக்கும் தெரியும். "நிழல் விழுது. கீழ போங்க" என்றேன். என் குரல் நான் நினைத்ததைவிட உயர்ந்திருந்தது. மேளம் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஏன் என்று கலியபெருமாள் கேட்டான். ஒரு சொல்லில் சொல்லியிருக்கலாம். நான் பாயின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். ஜமுக்காளத்தை இழுத்ததும் கண்ணாடி பளீரென்று எல்லோர் முகத்திலும் அடித்தது. அவர்கள் கண்ணாடியைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள். அவ்வளவுதான், யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

கலியபெருமாள் தன் கூடைகளைத் தூக்கிக்கொண்டான். "பிரான்ஸ் கண்ணாடி. பாத்துக்கங்கண்ணே" என்று மட்டும் சொன்னான். பூவத்துக் குடும்பத்தின் மூத்த அம்மாள் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு என்னைக் கடந்து போகையில், "இருக்கட்டுங்க, தெருவுல நின்னு பாத்துக்கிறோம்" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

ஒலி இன்னும் சிறிது நேரம் தொடர்ந்து, இடைவெளி நீண்டு, பிறகு நின்றது. காது கொடுத்துக் கேட்டேன். நித்யாவின் குரல் கீழே ஓடிக்கொண்டிருந்தது.

நான் நின்றால் என் நிழலும் தகட்டில் விழுந்தது. ஆகவே கைப்பிடிச் சுவருக்குக் கீழே குந்தி அமர்ந்தேன். சுவாமி எங்கள் வாசலில் வந்து நின்றார். எல்லா மாடிகளிலிருந்தும் பழங்கள் பறந்தன. எதிர்மாடியிலிருந்து வந்த ஒன்று என் தோளில் மோதிச் சிதறியது. இன்னொன்று கண்ணாடியில் விழுந்து உருண்டது, உடையவில்லை. நான் சுவாமியைப் பார்க்கவில்லை. வீதியிலிருந்து அண்ணாந்து பார்த்தவர்களுக்கு என் வீட்டு மாடி எப்படித் தெரிந்திருக்கும் என்பதைப் பிறகுதான் எண்ணிப் பார்த்தேன். ஆள் இல்லை. வெயிலில் மின்னும் இரண்டு கண்ணாடிகள் மட்டும்.

6

நேர்காணல் முடிந்து நித்யா வெளியே வந்தபோது என் சட்டையெல்லாம் மாம்பழச் சாறு. மாடியில் இருந்தவர்கள் எங்கே என்று கேட்டாள். சொன்னேன்.

"நீ அவங்கள எறக்குவேன்னு நான் நினைக்கல" என்றாள். அது நன்றியா, வருத்தமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பணி அவளுக்குக் கிடைத்தது. இப்போது அவள் இருக்கும் நகரத்துக்கு என் வீட்டிலிருந்து அரைநாள் ரயில் பயணம். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் அழைப்பாள். சில ஞாயிறுகளில் மறந்துவிடுவாள். மாணவர்கள், கடல் ஓதம், ஆய்வுக்கூடம். அவள் பேச்சில் தமிழ்ச் சொற்கள் குறைந்துகொண்டு வருகின்றன. நான் பிரெஞ்சிலேயே பதில் சொல்லப் பழகிவருகிறேன்.

இந்த ஆண்டு ஆனியில் நீண்ட பயணத்துக்கு மருத்துவர் சம்மதிக்கவில்லை. மாங்கனி நாளன்று வசந்தாவை அழைத்தேன். பின்னணியில் மேளம் கேட்டது, பிறகு ஓய்ந்தது. மாடியில் கூட்டம் எப்படி என்று கேட்டேன்.

"தொறந்துதாண்ணே வெச்சிருந்தேன்."

"யார் யார் வந்தார்கள்?"

அவள் பேச்சை மாற்றப் பார்த்தாள். நான் விடவில்லை.

"யாரும் ஏறலண்ணே. கலியபெருமாள் அண்ணன் எதிர்த்த வீட்டு மாடியில நின்னாரு. நான் ஒருத்தியேதான் அத்தனை கூடைப் பழத்தையும் போட்டேன். தோள்பட்டை வலிக்குது."

அன்று மாலையே நித்யாவை நானாக அழைத்தேன். ஊர் பேசுவதைச் சொன்னேன். மறுப்பு எழுதப் போவதாகவும், எழுதினால் அவள் நிரந்தரப் பணி இல்லாமல் இருந்ததையும் நேர்காணலையும் சொல்லியாக வேண்டும் என்பதையும் சொல்லி, அவளுடைய இசைவைக் கேட்டேன். ஓர் அலுவலகக் கடிதத்துக்கு உரிய முறையில்தான் கேட்டேன்.

நான் சொன்னது அவளுக்குப் புரியவில்லையோ என்று பிரெஞ்சில் திருப்பிச் சொல்லத் தொடங்கினேன். அவள் இடைமறித்தாள். தமிழிலேயே, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னாள்:

"எனக்கு இன்டர்வியூன்னு அங்கேயே சொல்லியிருந்தா, அவங்களே பாயைத் தூக்கியிருப்பாங்களே, அப்பா."